கொட்டாவிச் சேவலின் சட்டை

பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் அவளுக்கு சீட்டக்கா என்று பெயர். இருபத்தாறு வருஷமாக இருக்கைகளுக்கு உறை தைக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது வருகைப் பதிவேட்டை விட்டு வெளியே வந்ததில்லை. கனமான ரெக்ஸினை மெஷினுக்குள் தள்ளித் தள்ளி அவளுடைய வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கிவிட்டது. கட்டைவிரல் நகத்தில் எந்நேரமும் சாக்பீஸ் தூள். வாய் மட்டும் இத்தனை வருஷத்தில் தேயவில்லை. “ஊர்ல பாதிப் பேரு உக்காந்திருக்கிறது என் தையல் மேலதான். நான் முறைச்சுக்கிட்டா எல்லாரும் நின்னுக்கிட்டேதான் போகணும்” என்பாள். மேஸ்திரி திட்ட வந்தவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஒரு பழமொழி. நுணலும் தன் வாயால் கெடும் என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே ஜனங்கள்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். அக்காவின் கதைக்கு இரண்டுமே வேண்டும்.

அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள். இவள் மூத்தவள். ஐந்து வருஷம் கழித்துத் தங்கை. அதற்கும் ஆறு வருஷம் கழித்து, இனி யாரும் இல்லை என்று தொட்டிலை மடித்துப் பரணில் போட்ட பிறகு, தம்பி. டாக்டர் சொன்ன தேதி தாண்டியும் பதினைந்து நாள் உள்ளேயே படுத்துக் கிடந்துவிட்டுத்தான் வெளியே வந்தான். அப்பா லாரியோடு வாரக்கணக்கில் போய்விடுவார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, அதிலும் மதிய ஷிப்ட். ஆகவே பதினாலு வயதில் அக்காவின் இடுப்புக்கு ஒரு மூன்று வயது வந்து ஏறிக்கொண்டது. இறக்கிவிட அவளுக்கும் மனசு வரவில்லை.

அந்தப் பயல் லேசில் சாப்பிட மாட்டான். வாயைப் பூட்டிக்கொண்டு தலையை ஆட்டுவான். தினம் நாலு மணிக்கு டிவியில் ஒரு கார்ட்டூன் வரும், அதில்தான் பூட்டு திறக்கும். கார்ட்டூனில் ஒரு சேவல், பெயர் கொட்டாவி. விடியும்போது கூவ வேண்டியது அதன் உத்தியோகம். ஆனால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உச்சிவெயில் வரைக்கும் தூங்கும். கொண்டை சரிந்து ஒரு கண்ணை மூடியிருக்கும். ஊரெல்லாம் எழுந்து பல் தேய்த்து வேலைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கும் திரும்பி வந்த பிறகு, ஐயா எழுந்து போர்வையோடு கூரை மேல் ஏறி நெஞ்சை நிமிர்த்தி அறிவிப்பார்: “வந்துட்டேன்ல! இனிமே விடியலாம்!”

அவ்வளவுதான் கதை. தினமும் அதேதான். தம்பி தினமும் விழுந்து விழுந்து சிரிப்பான். திறந்த வாய்க்குள் அக்கா ஒரு கவளத்தைத் தள்ளிவிடுவாள். கார்ட்டூன் இல்லாத நாட்களில் அவளே மூக்கால் இழுத்து அந்தக் குரலில் பேசினாள். பள்ளிக்கு எழுப்புவதும் அந்தக் குரல்தான், காய்ச்சலில் மருந்து கொடுப்பதும் அந்தக் குரல்தான். அவனும் வாழ்க்கையில் எல்லா இடத்துக்கும் பிந்தியே போய்ச் சேருகிறவனாக வளர்ந்தான். சேவலின் பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவனைப் பற்றிய பேச்செல்லாம் அஃறிணையில்தான் நடக்கும். “கொட்டாவி எந்திரிச்சுதா?” “கொட்டாவி கெளம்பிடுச்சா?” “அது எங்க கெளம்புது!” அவன் லிஃப்ட் மெக்கானிக்காகி, மீசை வைத்து, வேறு ஊரில் நாலு பேரை மேய்க்கிற வேலைக்குப் போன பின்னும் அக்காவுக்கும் தங்கைக்கும் அவன் ‘அது’தான்.

அக்காவுக்கு ஒரு கல்யாணமும் நடந்தது. ஆறு வருஷம் ஓடியது. பிள்ளை இல்லை. சண்டை சச்சரவு என்றுகூட எதுவும் இல்லை, ஒருநாள் அவர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார், இவள் கதவைச் சாத்தினாள். அதைப் பற்றி அவள் ஜோக் அடித்ததில்லை. அவள் ஜோக் அடிக்காத விஷயம் உலகத்தில் அது ஒன்றுதான் என்பதால், அது எவ்வளவு வலித்தது என்று தம்பிக்குத் தெரியும்.

வருஷக் கடைசியில் பட்டறை ஒரு வாரம் மூடும். அப்போது மூவரும் அக்காவின் இரண்டாம் மாடி வீட்டில் கூடுவார்கள். அம்மா அப்பா போன பிறகும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. கூடினால் பரிசு உண்டு. அதற்கொரு சட்டம்: பரிசு எதற்கும் உதவாததாக இருக்க வேண்டும். உபயோகமாக ஏதாவது கொடுத்தால் அபராதமாக வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்க வேண்டும். இன்னொரு சட்டம், வாசலில் செருப்பைக் கழற்றியதுமே, தண்ணீர்கூடக் குடிக்காமல், பரிசைப் பிரித்துவிட வேண்டும். சின்ன வயதில் தம்பிக்குப் பொறுமை இல்லாததால் வந்த சட்டம் அது.

தம்பிக்கு அக்கா கொடுப்பது எப்போதும் சேவல் சம்பந்தப்பட்டதுதான். ஒரு வருஷம் மணியைக் கழற்றிவிட்ட அலாரக் கடிகாரம். ஒரு வருஷம் ஜனவரியைக் கிழித்துவிட்டு பிப்ரவரியில் தொடங்கும் காலண்டர். “சேவல் எந்திரிச்சதே பிப்ரவரிலதான்” என்றாள். அவனுக்குக் கல்யாணமான வருஷம் இரண்டு கொண்டை வைத்த இரட்டைப் போர்வை. அவனும் சளைத்தவன் இல்லை. ஊருக்கெல்லாம் சீட்டு தைக்கிறவளுக்கு, உட்காரும் பலகையே இல்லாத நாற்காலி ஒன்றை ஆறு மணி நேரம் ரயிலில் மடியில் வைத்துத் தூக்கி வந்தான். தங்கைக்குப் பரிசு யோசிக்கவே வராது. ஒவ்வொரு வருஷமும் உபயோகமானதையே வாங்கி வந்து ஒவ்வொரு வருஷமும் பாத்திரம் தேய்த்தாள்.

தம்பியின் மனைவி அதிகம் பேசாதவள். வந்த புதிதில் இந்தக் கூத்தைப் பார்த்து மிரண்டுபோய், “அண்ணி, இவங்க எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?” என்று அக்காவிடமே கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஒன்பது வருஷமாக அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றியும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பத்தாவது வருஷம் நடுவில் தம்பி போன் செய்தான். “அக்கா, நீ அத்தையாகப் போற” என்றான். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஸ்பாஞ்சு அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். ஸ்பாஞ்சு வெட்டுகிறவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

அன்றைக்கே அந்த வருஷத்துப் பரிசு முடிவாகிவிட்டது. குழந்தைக்கு ஒரு சேவல் சட்டை. உள்ளங்கைக்குள் அடங்குகிற மஞ்சள் சட்டை, தலையோடு சேர்ந்த குல்லா, ஒரு கண்ணை மறைக்கிற மாதிரி சரிந்த சிவப்புக் கொண்டை. மெத்தென்ற பருத்தியில் வெட்டி, பிஞ்சு உடம்பில் உறுத்தக் கூடாது என்று மடிப்புத் தையலை எல்லாம் வெளிப்பக்கம் வைத்து, மெஷினில் ஏற்றாமல் கையாலேயே தைத்தாள். பதினோரு நாள் சாப்பாட்டு இடைவேளை அதற்குப் போயிற்று. “இவ்ளோ சின்ன சீட்டு எந்த பஸ்ஸுக்குக்கா?” என்று ஸ்பாஞ்சு வெட்டுகிறவர் கேட்டார். “இது டிரைவர் சீட்டுய்யா. இனிமே எங்க குடும்பத்தை ஓட்டப் போறது இதுதான்” என்றாள். மார்பில் சிவப்பு நூலால் எழுத்து போட்டாள்: வந்துட்டேன்ல! இனிமே விடியலாம்!

இதற்கு நடுவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு சின்ன விஷயம் நடந்திருந்தது. பெயர் இடம் மாறியிருந்தது. வயிற்றுப் பிள்ளை காலை முழுக்க அசையாமல் கிடந்து மத்தியானத்துக்கு மேல்தான் புரண்டது. தம்பி மனைவி அதைக் கொட்டாவி என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தங்கையோடுதான் போனில் பேசுவாள், ஆகவே தங்கைக்கும் வயிற்றில் இருப்பது கொட்டாவி ஆகிவிட்டது. அக்கா பேசுவது தம்பியோடு. அவள் வாயில் பிள்ளைக்கு ‘குட்டி’ என்று பெயர். கொட்டாவி என்றால் அவளுக்கு அப்போதும் தம்பிதான்.

விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஐந்தாம் மாசத்தில், அந்தக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிற்று.

தம்பி தங்கைக்குத்தான் போன் செய்தான். “அக்காகிட்ட நீயே சொல்லிடு. அவ குரலைக் கேட்டா நான் ஒடஞ்சிடுவேன்” என்றான். தங்கைக்கும் அக்காவின் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ‘குழந்தை’ என்று அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள், அழித்தாள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் மற்றதை எழுத விரல் வரவில்லை. கடைசியில் இப்படி அனுப்பினாள்: “அக்கா, கொட்டாவி வராதுக்கா. அவன்கிட்ட இப்ப எதுவும் கேக்காத.”

பட்டறையில் அது கழுத்தை நெரிக்கிற வாரம். மூடுவதற்குள் நாற்பது பஸ்ஸுக்கு உறை முடிந்தாக வேண்டும். போன வாரம்தான் தம்பி, “டாக்டர் ரயில்ல போகலாம்னு சொன்னா வரோம்கா, இல்லன்னா இந்த வருஷம் சந்தேகந்தான்” என்று சொல்லியிருந்தான். அக்கா ஒரு கையால் ரெக்ஸினைப் பிடித்துக்கொண்டு மறுகையில் போனை எடுத்துப் படித்தாள். ஓகோ, பயலுக்கு டாக்டர் அனுமதி கிடைக்கவில்லையா, அதற்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறானா என்று எடுத்துக்கொண்டாள். ‘வராது’ என்ற அஃறிணையில் அவளுக்கு ஒரு வித்தியாசமும் தோன்றவில்லை. முப்பது வருஷமாக அவன் அந்த வீட்டில் அப்படித்தானே வந்தான், போனான். நின்ற நிலையில் பதில் போட்டாள்: “வரும் வரும். அது என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கு? நம்ம வீட்டுல எல்லாம் லேட்டாத்தான் வரும், ஆனா வராம இருந்ததில்ல. நான் காத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லு.”

தங்கை அதைப் படித்துவிட்டுக் கேவினாள். அப்படியே தம்பிக்கும் அவன் மனைவிக்கும் அனுப்பிவைத்தாள். அக்காவிடம் இதற்குமேல் பேச அவளுக்கு வாய் எழவில்லை. பேச வேண்டியதை எல்லாம் அக்காவே எழுதிவிட்டாள் என்று நினைத்தாள்.

நாலு நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. “ரெண்டு பேரும் வர்றாங்கக்கா. நீ எழுதினதப் பாத்துட்டுத்தான் வர்றாங்க. நானும் அவங்களோடவே வரேன்.”

“நான்தான் சொன்னேன்ல!” என்று அக்கா பதில் போட்டாள். கூடவே ஒரு சேவல் பொம்மை.

அவர்கள் வந்தது காலை பத்து மணிக்கு. பத்து மணி என்றுதான் சொல்லியிருந்தார்கள். தம்பி பிறந்ததிலிருந்து சொன்ன நேரத்துக்கு ஓரிடத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். அக்கா கதவைத் திறந்ததும், “என்னடா அதிசயமா இருக்கு, ரயில் டிரைவர் உன்னத் தூக்கத்துலயே கொண்டாந்துட்டாரா?” என்றாள். அவன் பாதி சிரித்தான். கண் ரயிலில் தூங்காத கண் மாதிரி இருந்தது, ரயிலில் யாருக்குத்தான் தூக்கம் வரும் என்று விட்டுவிட்டாள். அவன் மனைவி தொளதொளத்த உடுப்பின் மேல் கெட்டியாக ஒரு சால்வை சுற்றியிருந்தாள். உள்ளே வந்ததும் அக்காவைக் கட்டிக்கொண்டாள். லேசில் விடவில்லை. “நீங்க வரச் சொன்னதாலதான் வந்தேன் அண்ணி” என்றாள் காதோடு. கர்ப்பிணிக்கு மனசு இளகியிருக்கிறது என்று அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

தம்பி செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அக்கா, இந்த வருஷம் பரிசெல்லாம் வேணாம்கா” என்றான்.

“போடா, உனக்கு யாரு தரப்போறா? சட்டம்னா சட்டந்தான்.” அக்கா உள்ளே போய் வந்தாள். தம்பி மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிய காகிதத்தை அவள் மடியில் வைத்தாள். “இனிமே இந்தப் பயலுக்குப் பரிசே கெடையாது. எல்லாம் உங்களுக்குத்தான். பிரி.”

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தம்பி மனைவி பிரித்துவிட்டாள். மஞ்சளாக, உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு சட்டை. கொண்டை சரிந்திருந்தது. சிவப்பு எழுத்து மேலே பார்த்துக் கிடந்தது.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகத்திலும் ஈயாடவில்லை.

“என்ன, அளவு பெருசாப் போச்சா?” என்றாள்.

“அக்கா!” என்று தங்கை அலறினாள். “நான்தான் அனுப்பினேனே! கொட்டாவி வராதுன்னு! நீ பதில் போட்டியே!”

“ஆமா, வராதுன்ன, வந்துடுச்சுல்ல, இதோ நிக்குது” என்று அக்கா தம்பியைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது. தம்பி மனைவியின் சால்வை விலகியிருந்தது. அந்த உடுப்புக்குள் இருக்க வேண்டிய வயிறு இல்லை. அக்காவின் மூளையில் ‘வராது’ என்ற சொல் ஒரு தடவை புரண்டு படுத்தது. அதோடு அவள் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் புரண்டது.

தம்பி மனைவிதான் முதலில் பேசினாள். அழவில்லை. சட்டையின் ஓரத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணி, வரும், லேட்டா வரும்னு எழுதினீங்களே. அதை நான் தினமும் படிக்கிறேன். படிச்சுட்டுத்தான் எந்திரிக்கிறேன். நீங்க தெரிஞ்சுதான எழுதினீங்க?”

அறையில் எல்லோரும் அக்காவின் வாயைப் பார்த்தார்கள்.

தெரியாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சட்டைக்கு மன்னிப்பு அங்கேயே கிடைத்துவிடும், தம்பி வந்து கட்டிக்கொள்வான், நாலு பேரும் சேர்ந்து அழலாம். ஆனால் அந்த நாலு வரி வெறும் கிண்டல் என்று ஆகிவிடும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பத்து நாளாகப் பிடித்து எழுந்துகொண்டிருந்தது, பஸ் சீட்டு தைத்துக்கொண்டே ஒருத்தி அடித்த ஜோக் என்று ஆகிவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா யோசித்துவிட்டு வாயைத் திறந்தாள்.

“தெரிஞ்சுதாம்மா எழுதினேன்.”

தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் தம்பி மூடவில்லை.

“தெரிஞ்சுமா இதத் தைச்ச?”

“ஆமாடா” என்றாள். “வெளையாட்டா… ஒரு…” என்று இழுத்தாள். வேறு என்ன சொல்வது? அவன் அவளை ஒரு அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தான். மனைவியின் மடியிலிருந்து சட்டையை எடுத்து, எழுத்து தெரியாமல் கவிழ்த்து மேஜையில் வைத்தான். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினான். “போதும்கா. இனிமே எங்களுக்கு எதுவும் தைக்காத” என்றான். கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

அவர்கள் போன பிறகு தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “உனக்குத் தெரியவே தெரியாதுல்லக்கா? ஏன்க்கா பொய் சொன்ன? நான் ஓடிப்போய் அவன்கிட்ட சொல்லிடறேன்.”

“சொன்னேன்னா உன்னோட பேசமாட்டேன்” என்றாள் அக்கா. “அவளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் புடுங்கச் சொல்றியா?”

“அப்ப உனக்கு?”

“எனக்கென்ன, நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்.” இதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தங்கை உள்ளே போகவில்லை.

அந்தச் சட்டையின் எழுத்தை அக்கா மறுநாளே பிரித்தாள். பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, ஒரு இழைகூட அறுபடாமல் எடுத்தாள். ஆனால் ஊசி போன துளை துணியில் நின்றது. வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிந்தது. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள்.

பிறகு ஒரு வருஷம். அவள் போன் செய்தால் தம்பி எடுக்க மாட்டான், ஒரு மணி நேரம் கழித்து ‘வேலையில் இருந்தேன்’ என்று எழுதுவான். அப்புறம் அதையும் எழுதவில்லை. இடுப்பில் ஏற்றிச் சோறூட்டி, காய்ச்சலில் விழித்திருந்து, சிரிக்க வைப்பதற்காகவே தன் குரலை மூக்கில் வைத்துக்கொண்டு வளர்த்த பிள்ளை அவன். அவளுக்கென்று உலகத்தில் இருந்ததே அவன்தான். அவன் மனசில் இப்போது அவள், செத்த குழந்தைக்குச் சட்டை தைத்துச் சிரிக்கப் பார்த்தவள். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவள் மெஷினை வேகமாக மிதிப்பாள். ஒருநாள் இருபத்திரண்டு உறையை உள்பக்கம் வெளியில் வர வரிசையாகத் தைத்து வைத்திருந்தாள். ஸ்பாஞ்சு வெட்டுகிறவர் எடுத்துக் காட்டி, “என்னக்கா, ஜனங்க இனிமே சீட்டுக்குள்ள போய் உக்காரணுமா?” என்றார். பட்டறையே அவள் பதிலுக்குக் காத்திருந்தது. அவள் உறைகளை இழுத்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தாள்.

அடுத்த வருஷக் கடைசி வந்தது. தங்கை தன் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தம்பியின் மனைவி தனியாக நின்றாள்.

“எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டிருக்கோம் அண்ணி. இந்த வழியாத்தான். பத்து நிமிஷம்னு சொல்லிட்டு வந்தேன்.”

“அவன்?”

“கீழ வண்டியில இருக்காரு. கூப்பிட்டேன்.”

அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். தம்ளரை வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். “அண்ணி, அன்னிக்கு உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அளவு பெருசாப் போச்சான்னு கேட்டீங்கல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டேன், தெரிஞ்சுதான எழுதினீங்கன்னு. நீங்க ஆமான்னு சொல்லணும்னுதான் கேட்டேன்.” அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். “எல்லாரும் மறந்துடு மறந்துடுன்னாங்க. நல்லதுக்குத்தான்னு கூட ஒருத்தங்க சொன்னாங்க. வரும்னு சொன்னது நீங்க ஒருத்தங்கதான். உங்களப் பலி குடுத்துட்டு நான் அத வச்சுக்கிட்டேன். ஒரு வருஷமா அவர்கிட்ட சொல்லணும்னு வாயத் தொறக்கிறேன், முடியல. ஏன்னா அவரும் அதத்தான் அண்ணி படிக்கிறாரு. உங்களோட பேசறதில்ல, ஆனா அந்த மெசேஜ அழிக்கல. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு எடுத்துப் படிக்கிறாரு.”

அக்கா ஜன்னல் பக்கம் போனாள். கீழே தெருவில் ஒரு வாடகை வண்டி நின்றது. தம்பி அதில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். மேலிருந்து பார்க்கும்போது உச்சந்தலையில் நரை தெரிந்தது. அவனுக்கு நரைக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“இன்னிக்குச் சொல்லிடறேன் அண்ணி” என்றாள் அவள் பின்னாலிருந்து. “நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே போய் அவரக் கூட்டிட்டு வரேன். ஓடி வந்துடுவாரு. எனக்குத் தெரியும்.”

அக்காவுக்கும் தெரியும். இரண்டு மாடிதான். அவன் ஒரு நிமிஷத்தில் ஏறிவிடுவான். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கீழே அவன் கைப்பேசியை எடுத்து, எதையோ திறந்து, கட்டைவிரலை அசைக்காமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேணாம்மா” என்றாள் அக்கா. “குட்டி வந்தப்புறம் சொல்லிக்கலாம்.”

“வருமா அண்ணி?”

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். இந்தத் தடவை எல்லாம் தெரிந்துதான் சொன்னாள். “வரும்” என்றாள்.

தம்பி மனைவி படி இறங்கிப் போனாள். தம்பி கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். தரையில் இழுபட்ட சால்வையை எடுத்து அவள் மடியில் வைத்தான். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பதற்காக வாயை மற்ற கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் மேலே பார்க்காமல் வண்டியில் ஏறினான்.